பிளாஸ்கில் ஏறிய தானியம்

அப்பா எண்பது வயது வரை தின்ற அதே தானியம், அதே பயறு. மகனுக்கு மட்டும் அது ஏன் சர்க்கரையை ஏற்ற வேண்டும்?  

இப்படிக் கேட்டவர் ஒரு கிரேன் ஓட்டுநர். கட்டடம் எழும்பும் இடத்தில், பதினேழு மாடி உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கம்பியும் கான்கிரீட்டும் தூக்கிக் கொடுப்பவர். கீழே இருப்பவர்கள் அவரை ஆகாசம் என்பார்கள். மூட்டை தூக்கிப் பிழைத்த அவருடைய அப்பாவுக்குக் கடைசிவரை சர்க்கரை எட்டிப் பார்த்ததில்லை.

மகனுக்கு, வருடப் பரிசோதனையில் இருநூற்று நாற்பது. டாக்டரம்மா மாத்திரை எழுதினார்.

"மூணு மாசம் பார்ப்போம். குறையலன்னா மேல ஏற நான் கையெழுத்துப் போட மாட்டேன். அங்க உங்களுக்குத் தலை சுத்துனா கீழ நிக்கிறவங்க கதி என்ன?"

பத்தொன்பது வருடம் மேலேயே இருந்தவர். தரையில் அவருக்கு வேறு வேலை தெரியாது.

அன்றே பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் தலைமுழுகினார். இனி அப்பாவின் சாப்பாடுதான் என்று மனைவியிடம் சொன்னார். ஒரே சிக்கல் ஏணி. இறங்கி ஏறுவதற்குள் சாப்பாட்டு நேரம் பாதி போய்விடும். அதனால் தானியத்தையும் பயறையும் மில்லில் இரண்டு முறை நைசாக அரைத்து, சலித்து, தண்ணீராகக் கஞ்சி காய்ச்சிப் பெரிய பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுபோனார். ஒரு சுமை இறங்கி அடுத்த சுமையைக் கட்டும் இடைவெளியில் ஒரு வாய். காலை முதல் மாலை வரை இப்படியே.

ஒரு மாதத்தில் சர்க்கரை குறையவில்லை. பத்து கூடியிருந்தது.

மனிதருக்கு மண்டை குடைந்தது. விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி மேலே கொண்டுபோனார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குத்தி, வந்த எண்ணைக் கூண்டின் ஓரக் கண்ணாடியில் மார்க்கரால் எழுதினார். கிரீஸ் போட ஏறிய மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, லாட்டரி நம்பரா?"

"விழுந்தா வேலை போயிடும். அந்த மாதிரி லாட்டரி."

எட்டு மணிக்கு இருநூற்று நாற்பத்தைந்து. பத்துக்கு இருநூற்று அறுபது. நாலு மணிக்கும் கிட்டத்தட்ட அதே. ஏறியது இறங்கவே காணோம். எண்களைத் தாளில் எழுதி மனைவியிடம் நீட்டினார். அவர் தாளைப் பார்த்தார், பிறகு பிளாஸ்கைப் பார்த்தார்.

"என்னங்க, மாமா இதைக் குடிச்சு நான் பாத்ததே இல்லையே. ஒண்ணு ரெண்டா உடைச்சு வேகவச்சதை நறநறன்னு கடிச்சுத் தின்பாரு. ஒரு தட்டு முடிக்க அரை மணி நேரம். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நடுவுல வெறும் தண்ணி."

"தானியம் அதேதானே?"

"அதேதான். உங்க பல்லோட வேலையை மில்லுக்காரன் செஞ்சுட்டான். வயித்துக்கு என்ன மிச்சம்? உள்ள போன உடனே ரத்தத்துல ஏறிடுது போல. இறங்கறதுக்குள்ள நீங்க அடுத்த வாய்."

"அரைச்சுக் குடுத்தது நீதானே."

"பிளாஸ்க் வாய்க்குள்ள உடைச்ச தானியம் போகாதுன்னது யாரு?"

மறுநாள் மேஸ்திரியிடம் கெஞ்சி இருபது நிமிடம் கூடுதலாக வாங்கினார். பிளாஸ்கில் இனி வெறும் தண்ணீர். மதியம் இறங்கி, உடைத்த தானியமும் கீரையும் பயறும் மென்று தின்றார். "ஆகாசம் தரையிறங்கிடுச்சு, குடை பிடிங்கடா" என்று கீழே கேலி. அவர் வாய் நிறைய மென்றுகொண்டே இருந்தார். கண்ணாடியில் எண்கள் இப்போது ஏறி, இறங்கின. மாலையில் நூற்று நாற்பது.

மூன்றாம் மாதம் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். ஆகாசம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"குறைஞ்சது உடைச்ச தானியத்தாலயா, ஏணி ஏறி இறங்கினதாலயா, மாத்திரையாலயா?"

"எல்லாத்தையும் ஒண்ணா வச்சுக்கிட்டு எதுன்னு கேட்டா நான் எப்படிச் சொல்ல?"

"ஒண்ணை மட்டும் நிறுத்திப் பாக்கட்டுமா?"

"பேனா இன்னும் என் கையிலதான் இருக்கு. போட்ட கையெழுத்தை அடிச்சுடுவேன்."

சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

பழைய சாப்பாட்டுக்கு மாறியும் சர்க்கரை இறங்கவில்லையே என்று குழம்புகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். எதைத் தின்கிறோம் என்பதோடு எப்படித் தின்கிறோம் என்றும் அவர் ஒரு தரம் பார்க்கட்டும். அவருக்கும் இப்படித் தெரிந்தவர் ஒருவர் இருப்பார்; அவரிடமும் இது போய்ச் சேரட்டும்.