பலாச் சாயம்

பலாமரத்துச் சீவலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் ஒரு வாசனை வரும். கெட்ட வாசனை என்று சொல்ல முடியாது. லேசான இனிப்பும் லேசான புளிப்பும் கலந்து, பசியைக்கூடக் கிளப்பிவிடும். எனக்கு மட்டும் அதை நினைத்தாலே குமட்டுகிறது. தப்பு வாசனை மேல் இல்லை. அடுப்புக்கு முன்னால் கரண்டியோடு நின்றவன் மேல்தான் தப்பு. நின்றவன் நான்.

நான் கடைசல் வேலை செய்கிறவன். வீடு பெங்களூர் நீலசந்திராவில், பட்டறை ஜோகுபாளையத்தில். பட்டறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சந்துக்குள் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு லேத், ஒரு சாணைக்கல், சுவரில் வரிசையாக மாட்டிய உளிகள், எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. கட்டில் கால், ஊஞ்சல் தூண், சர்ச்சுக்கு மெழுகுவத்தித் தண்டு, பூஜை மண்டபத்துக்குக் குட்டித் தூண், படிக்கட்டுக் கைப்பிடிக்குக் கீழே வரிசையாக நிற்கும் தூண்கள், இவைதான் என் பிழைப்பு. மரம் சுற்றும், நான் உளியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வேலை செய்கிற நேரம் மட்டும் எனக்கு யார் மேலும் கோபம் இருக்காது. அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும்.

முன்னால் என்பது மரம் வாங்கப் போகிற இடம். மில்லில் எதைத் தொட்டாலும் தேக்கு என்பார்கள். வேப்பமரத்தைத் தொட்டாலும் ஒரு வகைத் தேக்குதான். ஒரு மில்காரர் இருந்தார், பலகையைக் காட்டும்போது அதன்மேல் எச்சிலைத் துப்பிக் கட்டைவிரலால் தேய்த்து, "கலர் பாருங்க மேஸ்திரி, தங்கம்" என்பார். பாக்கு போட்ட எச்சில். அது காய்வதற்குள் விலை பேசி முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் அந்தப் பலகையையே வாங்கி, பட்டறைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த இடத்தை இழைத்துத் தள்ளியிருக்கிறேன்.

இத்தனை பொய்க்கு நடுவில் நான் ஒரே ஒரு காரியத்தை விடாமல் செய்துவந்தேன். பில்லில் மரத்தின் பெயரை எழுதுவேன். மாமரம் என்றால் மாமரம், ரப்பர் மரம் என்றால் ரப்பர் மரம். சிவாஜிநகரில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர், என் ரப்பர் மரக் கால்களைத் தேக்கு என்று எழுதித் தரச் சொன்னார். மாதாமாதம் வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர். நான் கால்களை அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கடை போனதில் வீட்டில் நாலு மாதம் இழுபறி. ஆனாலும் அன்றைக்கு ஆட்டோவில் உட்கார்ந்து வந்த தோரணையை நினைத்தால் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. என்னிடம் பெருமைப்பட வேறொன்றும் இருந்ததில்லை.

அதையும் ஒரு படிக்கட்டுக்காக விற்றேன்.

வேலையைக் கொண்டுவந்தவர் ஒரு கான்ட்ராக்டர். சர்ஜாபுரம் பக்கம் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாக மூன்று மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறவர், நம் தமிழ்க்காரர்தான். பழைய வீட்டின் பின்னால் அவருடைய அப்பா நட்ட பலாமரம் ஒன்று இருந்ததாம். வீடு பெரிதானதும் மரத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. வெட்டின மரத்திலேயே படிக்கட்டுத் தூண்கள் செய்து வீட்டுக்குள் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். நாற்பத்தெட்டுச் சின்னத் தூண், முதல் படிக்கு ஒரு பெரிய தூண். கேட்டபோது எனக்கே மனசு இளகியது. வைரம் பாய்ந்த பலாவைக் கடைவது கையில் வெண்ணெய் பிடிப்பது மாதிரி இருக்கும். அட்வான்ஸ் வாங்கினேன். எரிந்துபோன லேத் மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றி, கொட்டகை வாடகை பாக்கியையும் தீர்த்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு குட்டி யானை வண்டியில் மரம் வந்தது. அடிமரம் இல்லை. கிளைகள் மட்டும். ஒரு வருஷமாக மழையிலும் வெயிலிலும் கிடந்து, பாதியில் கறையான், மீதியில் ஆணி. துணி காயப்போடும் கம்பிக்கு அடித்த ஆணி, கேபிள்காரன் அடித்த ஆணி, 'வீடு வாடகைக்கு' என்று பலகை மாட்டிய ஆணி. உள்ளே புதைந்திருந்த ஒன்று என் நல்ல உளியின் முனையைக் கொண்டுபோனது. உயிரோடு நிற்கிற மரத்தைக் கண்டால் ஆணி அடிக்கத் தோன்றுகிற ஜனங்களை என்ன சொல்வது.

கான்ட்ராக்டருக்கு போன் போட்டேன். "அடிமரம் எங்க?"

"அது மில்லுக்குப் போயிருச்சு மேஸ்திரி. இதுல அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"இதுல பெரிய தூண் ஒண்ணு தேறும். மத்த நாப்பத்தெட்டுக்கு எங்க போறது? மில்லுல வேற பலா வாங்கறேன். ஆனா ஓனர்கிட்ட விஷயத்தைச் சொல்லிடணும்."

"பலாவுக்கெல்லாம் பட்ஜெட் இல்ல. சில்வர் ஓக்ல பண்ணி கலர் ஏத்துங்க. ஓனர் என்ன லேபுக்கா எடுத்துட்டுப் போவாரு? முடியாதுன்னா அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துருங்க, நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

அட்வான்ஸ் மோட்டாருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அடிமரத்தை இவன்தான் விற்றுத் தின்றிருக்கிறான் என்று எனக்கு நிச்சயம். வாய்க்கு வந்தபடி மனசுக்குள் திட்டிவிட்டு, வாயால் சரி என்றேன்.

சில்வர் ஓக் காபித் தோட்டத்தில் நிழலுக்கு வைக்கிற மரம். அறுத்துக் கடைந்தால் பரப்பெங்கும் மினுக்கு மினுக்கென்று புள்ளி தெரியும். பலாவில் அது கிடையாது. பலா மஞ்சளாக இருக்கும், வருஷம் போகப்போகச் செம்பழுப்பாகும். மஞ்சளைக் கொண்டுவர எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. பலாச் சீவலையே வேகவைத்து அந்தச் சாயத்தைப் பூசுவது. பெரிய தூணை அந்த ஒரு நல்ல கிளையில் கடைந்தபோது விழுந்த சீவலைக் கூட்டி வாரி வைத்துக்கொண்டேன். ஒரு தூணாவது நிஜமாக இருக்கட்டும் என்றுதான் அதைக் கடைந்தேன். மனசாட்சிக்குக் கொடுத்த லஞ்சம் அது, வேறொன்றுமில்லை.

முதல் தடவை அவசரத்தில் ஓர் இரும்பு டிரம்மை அடுப்பில் ஏற்றினேன். பலாச் சாயத்துக்கும் இரும்புக்கும் ஆகாது. தெரிந்தும் கோட்டைவிட்டேன், திருட்டு வேலையில் புத்தி எங்கே ஓடும். பாசி பிடித்த குளம் மாதிரி பச்சையாக வந்தது. பூசிப் பார்த்த ஆறு தூணும் பாழ். அப்புறம் வீட்டிலிருந்து அலுமினிய டேக்சாவைத் தூக்கி வந்தேன். கிறிஸ்துமஸுக்கு பிரியாணி செய்ய மனைவி சீட்டுக் கட்டி வாங்கினது. அதில் சீவலோடு படிகாரத்தையும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்ததும் மஞ்சள் பளிச்சென்று ஏறியது. பார்க்க அழகாகவே இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மனைவி சர்ச் ஸ்கூலில் டீச்சர். பேச்சைக் குறைத்தே பேசுவாள். பட்டறைக்குச் சோறு கொண்டுவந்தவள் அடுப்பையும், வரிசையாகக் காய்கிற தூண்களையும் பார்த்தாள். "என்ன மரங்க இது?" என்றாள். சொன்னேன். "பில்லுல என்னன்னு எழுதுவீங்க?" என்றாள். இந்த வேலைக்கு பில் இல்லை என்றேன்.

"இந்த டேக்சாவை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. இதுல இனிமே நான் சோறு வடிக்க மாட்டேன்."

சாயம் என் உள்ளங்கையிலும் நகக்கண்ணிலும் ஏறிவிட்டது. மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. காமாலையா என்று தெருவில் நாலு பேர் கேட்டார்கள், ஒருவர் கீழாநெல்லிகூடக் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் நன்மை அப்பம் வாங்கப் போகிற வரிசையில் நின்றபோது கையை நீட்ட மனசு வரவில்லை. எப்போதும் கையில் வாங்குகிறவன் அன்றைக்கு வாயைத் திறந்து நாக்கை நீட்டினேன். ஃபாதர் ஒரு நொடி தயங்கினார். எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

மீதிப் பணத்தை கிருகப்பிரவேசத்தன்றைக்கு வீட்டுக்காரரே தருவார், நீங்களும் வரணுமாம் என்று கான்ட்ராக்டர் சொன்னார். பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்தேன். வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது. பணம் குறைந்தாலும் பரவாயில்லை. சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தனியாகக் கூப்பிட அவர் எங்கே விட்டார். நான் செருப்பைக் கழற்றியதும் தோளில் கை போட்டு நேராகப் படிக்கட்டுக்கு இழுத்துப் போனார். சுற்றிலும் பட்டுப்புடவைகளும் செல்போன்களும்.

"இவர்தான் நம்ம மேஸ்திரி. எங்கப்பா நட்ட மரம் இது. வெட்ட மனசே வரல. அதான் வீட்டுக்குள்ளயே கொண்டு வந்துட்டோம். அதே மரம்தானே மேஸ்திரி? நீங்களே சொல்லுங்க."

அவருக்குப் பக்கத்தில் அவருடைய அம்மா நின்றிருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். ஒல்லியாக, நிமிர்ந்த உடம்பு. அவர் என்னைப் பார்க்கவில்லை, தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்னிஷுக்குக் கீழே நாற்பத்தெட்டுத் தூணிலும் புள்ளிகள் மினுக்கின.

"ஆமா சார். அதே மரம்தான்" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா குங்குமச் சிமிழோடு வந்து முதல் படியின் பெரிய தூணுக்குப் பொட்டு வைத்தார். மற்ற தூண்களைத் தாண்டிப் போய்விட்டார்.

சற்று நேரம் கழித்து வீட்டுக்காரர் என்னைப் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குக் கூட்டிப் போய் ஒரு கவரைக் கொடுத்தார். பேசினதைவிட அதிகமாகவே இருந்தது.

"சூப்பரா சொன்னீங்க மேஸ்திரி. ஒரு செகண்ட் எனக்கே பக்குன்னு இருந்துச்சு."

"எதுக்கு சார்?"

"அடிமரத்தை நான்தானே வித்தேன். நல்ல ரேட் வந்துச்சு, மார்பிளுக்கு ஆச்சு. அம்மா மரத்த வெட்டவே விடல. படிக்கட்டு பண்றேன்னு சொல்லித்தான் சம்மதிக்க வெச்சேன். அவங்களுக்கு மட்டும் தெரிய வேணாம். என் ஃப்ரெண்ட் ஒருத்தருக்கும் இதே மாதிரி வேணுமாம், நம்பர் குடுக்கறேன்."

இத்தனை நாள் அந்தக் கான்ட்ராக்டரைத் திட்டித் தீர்த்ததெல்லாம் வீண். எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்கிறான் இந்த மனுஷன் என்று அருவருப்பாக இருந்தது. கவரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். "சரி சார்" என்றேன்.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்தார்.

"தம்பி, சாப்பிடாம கிளம்பறீங்களா?"

"இல்லம்மா, வேலை இருக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "கீழ இருக்கற பெரிய தூண் ஒண்ணுதான் நம்ம மரம். மத்தது வேற, இல்லையா?"

நான் குனிந்து ஒரு செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"அந்த மரத்துக் கிளை ஒண்ணு முன்ன ஒடிஞ்சப்போ மணை செஞ்சாரு எங்க வீட்டுக்காரரு. இன்னிக்கும் அதுல உக்காந்துதான் காய் நறுக்கறேன். எனக்குத் தெரியாதா? இப்படி மீன் செதில் மாதிரி புள்ளி அதுல கிடையாது." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். "நீங்க என்ன பண்ணுவீங்க, குடுத்த மரத்துலதான செய்யணும். அந்தக் கான்ட்ராக்டர் என் பையனை ஏமாத்திட்டான். பாவம் அவன், அப்பா மரம் அப்பா மரம்னு ஒரு வருஷமா இதே பேச்சு. தெரிஞ்சா தாங்க மாட்டான். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க தம்பி."

ஒரே ஒரு வாக்கியம் போதும். பஸ்ஸில் பழகின வாக்கியம்கூட இல்லை, அவர் பையனைப் பற்றிப் புதிதாக ஒன்று, நான்கே சொல்லில் சொல்லிவிடலாம். சட்டைப்பைக்குள் கவர் மார்பில் உரசிக்கொண்டிருந்தது.

"சரிம்மா" என்றேன்.

அவர் என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பந்தியில் உட்கார வைத்தார். பரிமாறுகிறவரிடமிருந்து வாளியை வாங்கித் தன் கையாலேயே எனக்குப் பரிமாறினார். நான் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை பாயசம் வந்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.