சார்ஜ் குறையாத பின்னேரம்

ஓட்டமாவடிப் பாலத்தில் பாதித் தூரம் நடந்த பிறகுதான் தொப்பியைப் போன் கடையில் விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் அந்தக் கடைக்காரரின் முகத்தை இன்னொரு தரம் பார்த்தால் என் வாயில் நல்ல வார்த்தை வந்திருக்காது.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம்; அந்தக் காக்காவிடம்தான் முந்திய கிழமை பற்றரி மாற்றினேன். காலையில் நிரப்பிய சார்ஜ் மத்தியானத்துக்குள் காலியாகிறது என்று சொன்னபோது போனைப் பிரிக்க முந்தியே, "பற்றரி முடிஞ்சி தம்பி" என்றார். புதியது போட்டார். அதுவும் மத்தியானத்தோடு செத்தது. அன்று அதைக் கேட்கத்தான் போனேன்.

"பற்றரில ஒண்டும் இல்ல தம்பி. அது தங்கம். இப்ப வந்த அப்டேற்தான் திண்ணுது."

"அப்ப பழைய பற்றரிய என்னத்துக்குக் காக்கா கழட்டின?"

"அதுவும் பழுதுதான்."

"அப்டேற்ற நான் போடச் சொல்லல்லயே?"

"அது கேட்கும். நீங்க பாக்காம அமத்தியிருப்பீங்க."

நான் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன்தான், ஆனாலும் எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். புதுப்பிக்கவா என்று போன் கேட்டபோதெல்லாம் "பிறகு" என்பதைத்தான் அமத்தினேன். வேண்டாம் என்று ஒரு பொத்தானே அதில் இல்லை. ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் போன் தன் பாட்டில் எல்லாவற்றையும் மாற்றிப்போட்டு, புது முகத்தோடு எனக்கு நல்வரவு சொன்னது. என் சட்டைப்பையில் கிடக்கிற என் போனுக்குள் நானே விருந்தாளி.

அன்றிலிருந்து அது சும்மா கிடக்கும்போதே அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. உள்ளே யார் சார்ஜைத் தின்கிறார்கள் என்று பார்த்தால் நான் ஒரு நாளும் திறக்காததெல்லாம் வரிசையில் நின்றன. ஒன்று வானிலை சொல்லுமாம். மழை வருமா என்று அண்ணாந்து பார்க்கத் தெரிந்தவனுக்கு அது எதற்கு? அழிக்கவும் விடாது. கொம்பனி வைத்தது, அப்படியே இருக்குமாம்.

வீடு வாசல் உள்ளவனுக்கு இது ஒரு காரியமே இல்லை. குறைந்தால் சார்ஜரைச் சுவரில் கொழுவுவான். எனக்குச் சுவர் இல்லை. கோயில் மண்டபம், மில், மீன்வாடி என்று வேலை எங்கேயோ அங்கே படுக்கிறவன் நான். சார்ஜ் வேண்டும் என்றால் கடையில் தேத்தண்ணி குடிக்க வேண்டும், குடித்தபின்னும் குந்திக்கொண்டு இருக்க வேண்டும், கடைக்காரன் பார்க்கிற பார்வையைப் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். இந்தப் போனைச் செய்தவர்கள் எங்களை மாதிரி ஆட்களை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்று இவ்வளவு கொதித்ததற்குக் காரணம் இருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் நெல் அறுவடை தொடங்குகிற நாள் அது. வெட்டுமெசின் வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் அந்தப் போகம் முழுக்க என்னைச் சாக்குப் பிடிக்கக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். வட்டை என்கிற வயல்வெளி ஒவ்வொன்றாக மெசின் போகும், நாங்களும் கூடப் போவோம். மூன்று வேளைச் சாப்பாடு, படுக்க இடம், கையில் காசு. எங்கே ஏற வேண்டும் என்பதை அவர் வட்சப்பில் குரலாகத்தான் அனுப்புவார். எழுத மாட்டார், சாதாரண அழைப்பும் எடுக்க மாட்டார். மெசின் ஆட்கள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். விடியவே ஒரு குரல் வந்துவிட்டது: "மனே, பின்னேரம் மண்முனைப் பாலத்தடிக்கு வந்திடு. மெசின் நிக்காது."

அதனால்தான் கடைக்காரரிடம் கடைசியாகக் கேட்டேன், "பின்னேரம் வரைக்கும் நிக்க ஒரு வழி சொல்லுங்க காக்கா."

அவர் போனை வாங்கி, சேமிப்பு என்று எழுதியிருந்ததை அமத்தினார். அது திருப்பி என்னவோ கேட்டது. அதற்கும் ஓம் என்று அமத்தினார். பிறகு திறந்து கிடந்ததையெல்லாம் விரலால் ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிட்டார். "இப்பிடிச் சாக்காட்டிப் போட்டு வையுங்க. ரெண்டு நாள் நிக்கும்."

தள்ளிவிடுகிற பழக்கம் எனக்கும் இருந்தது. மில்லில், மெசினில், கல் வேலையில், எங்கே போனாலும் எங்கள் ஆட்கள் போனை எடுத்தால் முதலில் செய்வது அதுதான். வெற்றிலை போட்டவன் துப்புகிற மாதிரி, பேசி முடிந்ததும் எல்லாவற்றையும் மேலே தள்ளிவிட்டுத்தான் மடிக்குள் வைப்போம். யார் பழக்கினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

வாழைச்சேனையில் பஸ் ஏறினேன். மட்டக்களப்பில் இறங்கிக் கல்முனை பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். போனை எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் குறையவே இல்லை. சத்தமும் இல்லை, சூடும் இல்லை. திரும்பவும் தள்ளிவிட்டு வைத்தேன். கடைக்காரரைத் திட்டியது கொஞ்சம் கூடிப்போச்சோ என்றுகூட நினைத்தேன். காத்தான்குடியைத் தாண்டி ஆரையம்பதியில் இறங்கி நடந்து, வெயில் சாய முன்னமே பாலத்தடிக்கு வந்துவிட்டேன்.

மெசினைக் காணவில்லை. வாவியில் ஒருவர் வலை எறிந்துகொண்டிருந்தார். பாலத்துக்கு இந்தப் பக்கம் சோளம் அவிக்கிற அக்கா ஒருத்தி, "ஆரத் தம்பி பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றாள்.

"வெட்டுமெசின் அக்கா."

"இதால ஒண்டும் போகல்லயே. போனடிச்சுக் கேளன்."

"அவர் அனுப்புவார்."

"அப்ப நல்லா நில்லு."

நின்றேன். போன் மூச்சே விடவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கிய பிறகுதான் காலையில் வந்த குரலை இன்னொரு தரம் கேட்டுப்பார்ப்போம் என்று வட்சப்பைத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், டிங் டிங் என்று அவருடைய மூன்று குரல்கள் ஒன்றாக வந்து விழுந்தன.

"மனே, மண்முனைக்கு அங்கால மழை பெஞ்சு வட்டை சேறாக் கிடக்கு. வலையிறவுப் பாலத்தால போறம். டவுனுக்கு வா."

"டேய், எங்க நிக்கிறாய்? வட்சப்பில ரெண்டு தரம் கோல் எடுத்திட்டன்."

மூன்றாவதில் ஆளைவிட மெசின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. "சரி, வராட்டி விடு. வேற பொடியன ஏத்திட்டம்."

முதல் குரல் அனுப்பிய நேரத்தைப் பார்த்தேன். நான் மட்டக்களப்பில் பஸ்ஸுக்கு நின்ற நேரம். அவர் வரச் சொன்ன டவுன் அதுதான், வலையிறவும் கூப்பிடு தூரம். ஓட்டோகூட வேண்டாம், ஓடியே பிடித்திருப்பேன். அந்த நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு, சார்ஜ் குறையவில்லை என்று சந்தோசப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வட்சப்பிலேயே அவரைக் கூப்பிட்டேன். நல்ல காலம், எடுத்தார்.

"அண்ணே, போன் சொல்லல்ல."

"போன் சொல்லல்லயோ? நான்தானே சொன்னன்!"

பின்னால் ஆட்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அடுத்த போகம் பாப்பம் மனே."

சேமிப்பு என்றால் என்ன என்று பாலத்தடியில் குந்தியிருந்துதான் முழுக்க வாசித்தேன். மிகச் சிறிய எழுத்து. திறக்காத எதற்கும் தகவல் வராது, அழைப்பும் வராமல் போகலாம் என்று போட்டிருந்தது. அதற்குத்தான் கடைக்காரர் ஓம் என்று அமத்தியிருக்கிறார். இதைச் சேமிப்பு என்று சொல்ல இவர்களுக்கு எப்படி வாய் வந்தது? வேலைக்கு ஒரு குரல் வரும் என்றுதான் நான் போன் வைத்திருக்கிறேன். அந்தக் குரலை வாசலில் நிறுத்திவிட்டு, பார், உன் சார்ஜ் பத்திரம் என்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: சார்ஜ் போனால் போகட்டும், அந்த மனுசனை உள்ளே விடு என்று. கேட்கிற ஆட்கள் இல்லை அவர்கள். சார்ஜைத் தின்னும்போதும் கேட்கவில்லை.

சோளக்கார அக்கா அடுப்பை அணைத்துக்கொண்டே, "மெசின் வரல்லயா?" என்றாள்.

"வேற பாலத்தால போயிற்றுது."

"போன் இரிக்கல்லயா உனக்கு?"

"இரிக்கி அக்கா. சார்ஜும் இரிக்கி."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மிஞ்சின சோளம் ஒன்றைக் கையில் தந்தாள்.

சேமிப்பை நிறுத்திவிட்டு ஆரையம்பதிக்கு நடந்தேன். கோயில் மண்டபத்தில் படுத்தேன். வேறு எந்த மெசின்காரராவது அனுப்பினால் விழட்டும் என்று எதையும் தள்ளிவிடவில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் போன் செத்துக் கிடந்தது.

முகம் கழுவக் கடற்கரைப் பக்கம் போனேன். கரைவலை போட்டிருந்தார்கள். வலையின் இரண்டு கயிறும் கரைக்கு வந்துவிட்டன, இழுக்க ஆள் போதவில்லை. வலைக்காரர் தூரத்தில் நின்றே என்னைக் கண்டு, கையைத் தூக்கிக் கத்தினார்.

"டேய் மனே! சும்மா நிக்கிறாயா? வா!"

காற்றும் அலையும் அடிக்க, அவ்வளவு தூரத்திலும் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. போனைச் செருப்பு இரண்டுக்கும் நடுவில் செருகி மணலில் வைத்துவிட்டு ஓடினேன். மீனில் ஒரு பங்கு, மத்தியானம் சோறு என்றார். கயிற்றின் பின் நுனியைக் காட்டினார். பிடித்தேன்.