மைக் செட் அய்யாத்துரையும் கரிசல் கலப்புச் சண்டையும்

அய்யாத்துரை அண்ணாச்சி இறந்துபோனதை எனக்குச் சொன்னது ஒரு போஸ்டர். காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பசை காயாமல் ஒட்டியிருந்தது. ‘கண்ணீர் அஞ்சலி’ என்று கொட்டை எழுத்து. கீழே கைகூப்பி நிற்கிற பெரிய படத்தைப் பார்த்துவிட்டு, தனபால் முதலாளிதான் போய்ச்சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. பிறகுதான் மூலையில் தீப்பெட்டி லேபிள் அளவுக்கு அண்ணாச்சியின் முகம் தெரிந்தது. செத்தவர் சிறிதாகவும் அஞ்சலி செலுத்துபவர் பெரிதாகவும் இருக்கிற போஸ்டர் நம் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் இந்த மனிதரை நடைப்பிணமாக்கியதே அந்தக் கைகூப்பிய ஆள்தான். அதனால் இது அழுவதற்காக எழுதுகிற அஞ்சலி இல்லை.

அண்ணாச்சியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் புனல் ஸ்பீக்கர் கட்டியவர் அவர். கேபிள் டி.வி. வந்த புதிதில், டீக்கடையில் வெளிநாட்டுக்காரர்கள் கம்பிக்கூண்டுக்குள் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறார். ஒருவன் குத்துகிறான், இன்னொருவன் மல்லுக்கட்டிப் புரட்டுகிறான், எல்லா வித்தையும் ஒரே சண்டையில். மறுநாள் என்னைத் தேடி மைதானத்துக்கு வந்தார். நான் அப்போதும் இப்போதும் பி.டி. வாத்தியார்.

“சார், இவனுவ கூண்டுக்குள்ள செய்யுதத நம்ம பயலுவ கம்மாக்கரையில செய்யுதானுவ. நாலு டியூப் லைட்டும் ஒரு மைக்கும் வச்சா இதுவும் விளையாட்டுதான். நீங்க விசில் ஊதணும்.”

“வெட்டுக்குத்துக்கெல்லாம் நான் வர மாட்டேன் அண்ணாச்சி.”

“வெட்டுக்குத்து வராம இருக்கத்தான சார் விசிலு.”

மூடிக்கிடந்த ஒரு பருத்தி ஜின்னிங் ஃபேக்டரி முற்றத்தில் ஆரம்பித்தோம். சாக்குகளில் கழிவுப் பஞ்சை அடைத்துப் பரப்பி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் அதுதான் மேடை. கராத்தே படித்தவன், குஸ்தி தெரிந்தவன், குத்துவரிசை போடுகிறவன், எல்லாரும் அதில் ஏறலாம். கண், தொண்டை, விதை, இந்த மூன்றையும் தொடக்கூடாது. ‘கரிசல் கலப்புச் சண்டை’ என்று பெயர் வைத்தவரும் அண்ணாச்சிதான். இடைசெவலிலிருந்தும் கழுகுமலையிலிருந்தும் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வேலை விட்ட கையோடு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொள்வார்கள். மதில்மேல் இடம் கிடைக்காமல் வேப்பமரத்தில் ஏறியவர்களும் உண்டு.

முதல் சிக்கல் முதல் சாயங்காலமே வந்தது. பிடியில் மாட்டியவன் தாங்க முடியாவிட்டால் தரையைத் தட்டவேண்டும், அதோடு சண்டை முடிந்தது என்பது அந்தக் கூண்டுக்காரர்களின் சட்டம். நம் பையன்கள் எவனும் தட்டவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் தட்டுவான்? ஒருவனுக்குக் கை முறியப் போகிறது என்று தெரிந்து நான் விசில் ஊதினேன். அவன் ஊர்க்காரர்கள், வாத்தியான் எதிராளிக்கு விலைபோய்விட்டான் என்று என்னை ரயில்வே கேட் வரை விரட்டினார்கள்.

அதற்கு அண்ணாச்சி கண்டுபிடித்த வழி, உலகத்தில் எந்தச் சண்டைக்காரனுக்கும் தோன்றியிருக்காது. சண்டை போடுகிறவனின் மூலையில் அவனுடைய தாய்மாமன் துண்டோடு நிற்கவேண்டும் என்று சட்டம் போட்டார். மாமன் துண்டை வீசினால் சண்டை முடிந்தது. சொந்தத் தாய்மாமன் இல்லாதவனுக்கு மாமன் முறை வருகிற யாராவது. மாமன் இல்லாமல் எவனுக்கும் மேடை இல்லை.

“காது குத்தும்போது புள்ளை யாரு மடியில உக்காருது? மாமன் மடியில. கதறினாலும் விடாமப் பிடிச்சுக்கிடுதது மாமன்தான? அப்ப, போதும் விடுன்னு சொல்லுத உரிமையும் அவனுக்குத்தான் சார்.”

அதன்பிறகு ஒரு தகராறு வந்ததில்லை. மாமன் சொல்லித் தோற்றால் அது தோல்வியே இல்லை என்று ஊர்கள் ஏற்றுக்கொண்டன. ஒருமுறை ஒரு மாமன், முதல் குத்து விழுந்தவுடனேயே துண்டை வீசிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “அடுத்த மாசம் என் மகளக் கட்டப்போறான். மூக்கு ஒடஞ்சா கல்யாண போட்டாவ யாரு பாக்குறது?” என்றார். முன்வரிசைப் பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அந்தப் பையனும் சேர்ந்து சிரித்தான்.

கூட்டம் இருக்கிற இடத்துக்குத் தனபால் வராமல் இருப்பாரா? தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. முதலில் நாற்காலி அனுப்பினார். பிறகு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அதன்பிறகு எழுந்திருக்கவே இல்லை. டிக்கெட் போட்டார். வெளியூரிலிருந்து எடை கூடிய ஆட்களை இறக்கினார். நான் சீக்கிரம் விசில் ஊதுகிறேன் என்று என்னை நீக்கிவிட்டுத் தன் மச்சினனை நடுவராக்கினார். கடைசியாக மாமன்மார்மேல் கை வைத்தார்.

“அண்ணாச்சி, இது காதுகுத்து இல்ல, பிசினஸு. சூடு பிடிக்கும்போது துண்டப் போட்டு அணைச்சா எவன் டிக்கெட் எடுப்பான்?”

மூலைக்கு இனித் தன் மேனேஜர் போதும் என்றார். விட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று நான் அண்ணாச்சியிடம் சண்டை போட்டேன். “நானும் வந்துட்டா அங்கன அந்தப் பயலுவளுக்குன்னு ஒரு ஆளு வேண்டாமா சார்?” என்றார். போலீஸ் அனுமதி அவர் பெயரில் இருந்தது. கையில் மைக் இருந்தது. அது போதும் என்று நம்பினார்.

கடைசிச் சண்டை கழுகுமலை மாரிச்சாமியுடையது. லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிற பையன். அவனுடைய மாமன் குருசாமி மணியாச்சியில் ரயில்வே கேங்மேன். வேலை முடிந்து துண்டோடு வந்தவரைத் தனபாலின் ஆட்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் டிக்கெட் எடுத்துப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியூர்க்காரன் மாரிச்சாமியின் கழுத்தைக் கக்கத்தில் வளைத்துப் பிடித்தான். மாரிச்சாமி தட்டவில்லை. மூலையைத்தான் பார்த்தான். அங்கே மேனேஜர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மைக்கில் கத்தினார்: “ஏலே, விடுலே. கழுத்து போயிரும்லே. நிறுத்துங்க.” தனபால் நாற்காலியில் இருந்தபடியே கையைக் காட்டினார். ஒருவன் ஒயரைப் பிடுங்கினான். நான் மேடைக்கு ஓடினேன், குருசாமி வாசலில் ஆட்களோடு மல்லுக்கட்டினார். இரண்டு பேரும் வந்துசேர்வதற்குள் முடிந்துவிட்டது.

விசாரணையில் தனபால், தான் சிறப்பு விருந்தினராக மட்டுமே வந்ததாகச் சொன்னார். அனுமதி யார் பெயரில் இருந்ததோ அவர் உள்ளே போனார். மைக்கில் கத்தி உசுப்பேற்றிப் பையனை முடக்கிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. ஒயர் பிடுங்கப்பட்டதை முற்றம் நிறைய இருந்த கூட்டம் பார்த்தது. நானும் குருசாமியும் சொன்னோம். வேறு ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஒருவன் வேலை கேட்டிருந்தான், ஒருவன் மகளுக்கு அந்த ஆபீஸில்தான் வேலை. இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்த அண்ணாச்சியை நீங்கள் ஒரு கொடைக்கும் கூப்பிடவில்லை. ராசியில்லாத மைக் என்றீர்கள். இந்த ஊரின் கொண்டாட்டங்களை எல்லாம் ஊருக்குக் கேட்கவைத்தவர், பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் கிடந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கழுகுமலை போய், கழுத்துக்குக் கீழே அசையாமல் கிடக்கிற மாரிச்சாமிக்குச் சவரம் செய்துவிடுவார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். முகத்தில் சோப்பு நுரையோடு மாரிச்சாமி சாதாரணமாகச் சொன்னான்: “உங்க குரலு கேட்டுச்சு அண்ணாச்சி. பாதியில நின்னு போச்சு. சரி, நடக்கட்டும்னு நீங்களே விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்.” அண்ணாச்சி கத்தி வழுக்கிவிடாமல் சவரத்தை முடித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

போன வாரம் இரங்கல் கூட்டத்தில் தனபால் பேசினார். கேட்டிருப்பீர்கள். “ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. எல்லாத்தையும் மன்னிச்சுட்டாருன்னு அந்தக் கண்ணுலயே தெரிஞ்சது.” கைக்குட்டையால் முகத்தை ஒற்றினார். நீங்களும் ஒற்றினீர்கள். என் பக்கத்தில் இருந்த குருசாமி எழுந்து வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார். எனக்கும் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று கேட்டேன். நேரமில்லை என்றார்கள்.

தனபால் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையைப் பிடித்தவர் தனபால்தான். அண்ணாச்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தனபால் போனபின் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று டம்ளரை நீட்டினேன். “குடிக்க இல்ல சார். கையக் கழுவணும்” என்றார். கழுவிவிட்டேன். கொஞ்சநேரம் மூச்சு வாங்கிவிட்டுப் பேசினார்.

“நான் செத்தா எல்லாரும் நல்லவன்னு சொல்லுவானுவ. நல்லவன் மன்னிச்சிருப்பான்னு அடுத்த பேச்சு வரும். நீங்க ஊருக்குச் சொல்லிரணும் சார், நான் மன்னிக்கலைன்னு.”

“போற நேரத்துல எதுக்கு அண்ணாச்சி அந்தச் சுமை?”

“நான் எப்படி சார் மன்னிக்க? ஒடஞ்சது என் கழுத்தா?”

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். ஒரு பொருளும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். தனபால் முதலாளிக்கு மன்னிப்பு தேவைப்பட்டால், அதைத் தரக்கூடிய ஆள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். இத்தனை வருஷத்தில் ஒருதடவைகூட அந்த வாசலை அவர் மிதித்ததில்லை. இனியாவது போகட்டும். கழுகுமலைக்குப் பஸ் இருக்கிறது.