எரிய விட்டுப் போனால் இரண்டு

ரோஸ்விதா என் முதலாளி. வயதில் என்னைவிட இரண்டு மாதம் இளையவள் என்பதால் 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். தெரிந்தால் கோபப்படுவாள், படட்டும். பத்தொன்பது வருடமாக அவள் கோபத்தில்தான் என் வண்டி ஓடுகிறது.

எங்கள் ஊர் ஆல்டெனாவில் எல்லோருக்கும் அவள் மேஸ்திரியம்மா. சும்மா வந்த பெயரில்லை, பரீட்சை எழுதி வாங்கிய பட்டம். கம்பி இழுக்கும் ஆலைத் தொழிலாளியின் மகள். எலக்ட்ரிக் வேலை பழகப் போனபோது வகுப்பிலேயே ஒரே பெண்; கூட இருந்த பையன்கள் அவள் ஸ்குரூடிரைவரை ஒளித்து வைப்பார்களாம். எவன் ஒளித்தானோ அவனுடைய மதியச் சாப்பாட்டை இவள் சாப்பிட்டுவிடுவாளாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தொழிலில் பஸ் வந்தது. ஏறிப் போகிற பஸ் இல்லை. வீடு முழுக்க ஓடும் ஒரு பச்சை கேபிள், அதற்குள் சிவப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய கம்பி. பழைய வீட்டில் சுவிட்ச்தான் கரண்டை வெட்டும், சேர்க்கும். இதில் சுவிட்ச் அந்தக் கரண்டைத் தொடுவதே இல்லை. 'சமையலறை விளக்கு, எரி' என்று அந்தக் கம்பியில் ஒரு சேதி மட்டும் போடும். மின்பெட்டிக்குள் இருக்கும் ரிலே அதைக் கேட்டு 'டக்' என்று விளக்கைப் போடும். எது யாரிடம் பேச வேண்டும், யார் பேச்சை எது கேட்க வேண்டும் என்பதை நாங்கள் கம்ப்யூட்டரில் எழுதி உள்ளே ஏற்ற வேண்டும்.

நூல் மாதிரிக் கம்பியை வைத்து வீட்டை ஆளப் பார்க்கிறாள் என்று அவளுடைய அப்போதைய முதலாளி சிரித்தார். இவள் தன் லீவைப் போட்டு அந்தப் படிப்பைப் படித்தாள். இன்றைக்கு லென்னே ஆற்றின் இரண்டு கரையிலும் பாதி வீடுகள், இரண்டு பள்ளிக்கூடம், நகராட்சி நீச்சல்குளம் எல்லாம் அவள் எழுதியதைத்தான் கேட்டு நடக்கின்றன. இதில் அவளுக்கு வந்த கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. தன் வேலையில் தப்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது. யாராவது குறை சொன்னால், சொன்னவரைத்தான் முதலில் சந்தேகப்படுவாள்.

ஓட்மார் பிரிங்க் வீட்டுக்கும் அவள்தான் பஸ் போட்டாள். அவர் ரயில்வேயில் சிக்னல் கேபினில் முப்பத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொன்பது வயது, மனைவி இல்லை, மலைச்சரிவில் தனி வீடு. ஒரே மகன் ஹோல்கர் டோர்ட்முண்டில் இருக்கிறான். போன வருடம் ஏப்ரலில் ஹோல்கர் எங்களைக் கூப்பிட்டு, அப்பா விளக்குகளை எரிய விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறார், வெளியே போகும்போது ஒரே அமுக்கில் எல்லாம் அணைகிற மாதிரி வாசலில் ஒரு பட்டன் வையுங்கள் என்றான். கால் மணி நேர வேலை. நானும் கூடத்தான் இருந்தேன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தியதும் நான்தான்.

அடுத்த வாரமே பிரிங்க் போன் செய்தார். சில நேரம் சுவிட்சை அமுக்கினால் விளக்கு வருவதில்லை, மறுபடி அமுக்க வேண்டியிருக்கிறது என்றார். நன்றாக அழுத்துங்கள் சார் என்றாள் இவள். பிறகும் இரண்டு முறை போன் செய்தார். போய்ப் பார்த்தோம். வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு சுவிட்சாக அமுக்கினோம். எல்லாமே முதல் அமுக்கிலேயே எரிந்தன. ஹோல்கர் கேட்டானென்று, வயரிங்கில் எந்தக் குறையும் இல்லை என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தாள்.

அந்தக் கடிதம் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிரிங்க் சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் சீட்டு ஒட்ட ஆரம்பித்திருந்தார். 'இரண்டு தடவை' என்று எழுதி, அடித்து, 'ஒன்று' என்று திருத்தி, அதையும் அடித்த சீட்டுகள். வந்து பார்த்த மகன் அவற்றைப் பிய்த்து எடுத்துக்கொண்டான். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனான். ஞாபகப் பரீட்சையில் கிழவர் நன்றாகவே செய்தார். பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆனால் ஹோல்கரின் ஒரு கையில் சீட்டுகள், மறு கையில் எங்கள் கடிதம். வீட்டில் குறையில்லை என்றால் அப்பாவின் தலையில்தான் குறை என்று முடிவு கட்டிவிட்டான். பக்கத்து ஊரான ஈசர்லோனில் முதியோர் இல்லத்தில் இடம் பிடித்தான். திங்கட்கிழமை போக வேண்டும்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை, காலியாகப் போகிற வீட்டில் வேண்டாததையெல்லாம் நிறுத்திவைக்க எங்களை வரச் சொல்லியிருந்தான். போனோம். கூடத்தில் அட்டைப் பெட்டிகள். ஹோல்கர் மாடியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பிரிங்க் எங்களுக்குக் காப்பி ஊற்றி, ஒரு தடித்த கட்டம்போட்ட நோட்டை ரோஸ்விதா முன்னால் வைத்தார்.

"ஷிஃப்ட் முடிஞ்சு போறவன் புத்தகத்தை ஒப்படைக்காம போகக் கூடாது," என்றார். "வீடு இனிமே உங்க பொறுப்பு."

சிக்னல் கேபினில் வைத்திருப்பார்களே, அதே மாதிரி கோடு போட்டிருந்தார். தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, காரணம், கையெழுத்து. கடைசி இரண்டு பத்தியும் முதல் பக்கத்திலிருந்தே வெறுமையாக இருந்தன. ரோஸ்விதா அவர் மனம் நோகக் கூடாதே என்று புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. எட்டிப் பார்த்தேன். 'எரிய விட்டுப் போனால் இரண்டு. அணைத்துவிட்டுப் போனால் ஒன்று. இரண்டு தடவை ஆனது இதுவரை அறுபத்தொன்று. விலகல் இல்லை.'

அவள் எழுந்து சமையலறை விளக்கைப் போட்டாள். வாசலுக்குப் போய் அந்தப் பட்டனை அமுக்கினாள். வீடு முழுக்க விளக்கு அணைந்தது. திரும்பி வந்து சமையலறை சுவிட்சை அமுக்கினாள். விளக்கு வரவில்லை. மறுபடி அமுக்கினாள். வந்தது.

எனக்கும் அப்போதே புரிந்துவிட்டது. வாசல் பட்டன் சொல்வதை ரிலேக்கள் கேட்டன. சுவிட்சுகளும் கேட்க வேண்டும் என்று நாங்கள் எழுதவில்லை. விளக்கு அணைந்தது தெரியாமல், அது எரிவதாகவே சுவிட்ச் நினைத்துக்கொண்டிருந்தது. அதனால் முதல் அமுக்குக்கு 'அணை' என்று சேதி போட்டது. அணைந்த விளக்கு என்னத்தை அணையும்? நாங்கள் சோதித்தபோது வாசல் பட்டனைத் தொடவே இல்லை. எங்கள் தொழிலில் புதிதாகப் பழகுகிறவர்கள் செய்கிற தப்பு இது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "சத்தமில்லாம சரி பண்ணிட்டுக் கிளம்பிடலாம்," என்று அவள் காதில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். படிக்கட்டடியில் நின்று ஹோல்கரைக் கூப்பிட்டாள்.

"உங்க அப்பாவுக்கு ஒண்ணுமில்லை," என்றாள். "தப்பு என்னோடது. வாசல் பட்டனை வெச்ச அன்னிக்கு மத்த சுவிட்சுக்குச் சொல்லாம விட்டுட்டேன். இந்த வீட்டுல சரியாக் கவனிச்சவர் அவர் ஒருத்தர்தான். நான் எழுதின லெட்டரைக் கிழிச்சுப் போடுங்க."

ஹோல்கர் நம்பவில்லை. குறையில்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள், இந்தச் சீட்டுகளுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தான். அவன் கையைப் பிடித்து வாசலுக்கும் சமையலறைக்குமாக மூன்று தடவை நடக்க வைத்தாள். மூன்றாவது தடவை அவனே இரண்டு முறை அமுக்கினான்.

பிரிங்க் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "பதினோரு மாசம், மேஸ்திரியம்மா," என்றார். "விளக்கு கிடக்கட்டும். என் கையையே நான் நம்பாம ஆயிட்டேன். ரோட்டைத் தாண்டக்கூட பயமா இருந்துது."

ரோஸ்விதா சாக்குச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டாள். லேப்டாப்பைத் திறந்து, விட்டதை எழுதி, ஒவ்வொரு சுவிட்சிலும் ஏற்றினாள். இருபது நிமிடம் ஆயிற்று. பிரிங்க் வாசல் பட்டனை அமுக்கிவிட்டு வந்து சமையலறை சுவிட்சை அமுக்கினார். ஒரே அமுக்கில் எரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

பிறகு பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவள் முதல் வரியில் எழுதிவிட்டு, கீழே ஒரு நீளக்கோடு இழுக்கப் போனாள். அப்படியெல்லாம் கேபினில் விட மாட்டோம், ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத வேண்டும் என்றார். உட்கார்ந்து அறுபத்தொரு தடவையும் எழுதினாள். 'சுவிட்சுக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு.' கூடவே அறுபத்தொரு கையெழுத்து. நடுவில் ஒரு இடத்தில் கையெழுத்து விட்டுப்போனதை அவர் விரல் வைத்துக் காட்டினார்.

எல்லாம் முடிந்ததும் நோட்டை வாங்கி மகனிடம் கொடுத்தார்.

"காரணம்னு இருக்கற இடத்தை மட்டும் பாரு," என்றார். "எங்கேயாவது ஒரு இடத்துலயாவது வயசுன்னு இருக்கா?"

ஹோல்கர் ஒரு பக்கம்கூட விடாமல் கடைசிவரை பார்த்தான். பிறகு முதியோர் இல்லத்தின் போன் நம்பரைத் தேடத் தொடங்கினான்.