கேட்காமல் விட்ட ஒன்பதாம் கேள்வி

அந்த ஆய்வு நிறுவனத்தில் அவளுக்கு நீளமான ஒரு பதவிப்பெயர் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எல்லோருக்கும் அவள் ட்ரெயினிங் அக்கா.

நிறுவனம் செய்தது ஒரே வேலை. குறித்துவைத்த நாலாயிரம் வீடுகளுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போவது. அதே வீடு, அதே மனிதர்கள், அநேகமாக அதே கேள்விகள். யார் படித்தார்கள், யாருக்கு வேலை போனது, யாருக்கு என்ன வியாதி என்று பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கப் போகிறவர்களைத் தயார் செய்வது அவள் பொறுப்பு. "ஊர்ல இருக்கற வீட்டையெல்லாம் எண்ணியாச்சு, நம்ம வீட்ல கேஸ் தீந்து ரெண்டு நாளாச்சு" என்பார், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவள் வீட்டுக்காரர்.

மாடியில் நீளமான ஒரு அறை. மழை பெய்தால் ஒரு ஜன்னல் மூடாது. அங்கே நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, கதவைத் திறக்காத வீட்டுக்காரி, எதற்கெடுத்தாலும் "எம் பொண்டாட்டிய கேளுங்க" என்கிற மனுஷன், பேச ஆரம்பித்தால் நிறுத்தாத கிழவர் என்று எல்லாமாகவும் அவளே நடித்துக் காட்டுவாள். புதிதாக வந்த பெண்கள் சிரித்து முடிப்பதற்குள் வேலையில் பாதியைக் கற்றிருப்பார்கள்.

கையேட்டில் இல்லாத பாடம் ஒன்றும் அவளிடம் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் போன தடவை எழுதிய குடும்பத்தார் பட்டியலைப் பெயர் பெயராக வாசிக்க வேண்டும். பட்டியலில் உள்ளவர் இப்போது அந்த வீட்டில் இல்லையென்றால் ஒன்பதாம் கேள்வி: அவர் உயிருடன் இருக்கிறாரா? அவளும் ஒரு காலத்தில் கேள்வி கேட்கப் போனவள்தான். ஒரு வீட்டில் ஏழு வயதுப் பெண்ணின் பெயரை வாசித்துவிட்டு, கையேட்டில் உள்ளபடியே அதைக் கேட்டாள். எதிரில் இருந்த தாய் எழுந்து உள்ளே போனாள். முக்கால் மணி நேரம் காத்திருந்தும் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவள் சொன்னாள். "ஆள் இல்லன்னா அதோட விட்டுடுங்க. அவங்களா சொன்னா எழுதிக்குங்க. நாமளா தோண்ட வேணாம். அடுத்த பேருக்குப் போங்க."

விட்டுவிட்டார்கள். ஆனால் படிவம் விடாது. ஏதாவது ஒரு கட்டத்தில் குறியிட்டால்தான் அடுத்த பக்கம். கைக்குச் சுலபமாக இருந்தது, 'வேறிடம் சென்றவர்' என்ற கட்டம்.

ஆறாவது சுற்று முடிந்த மாதம், கணினிப் பிரிவுத் தம்பி அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான்.

"வேறிடம் போனவங்க அறுநூத்திப் பதினொரு பேர்க்கா. ஒருத்தருக்கும் புது விலாசம் இல்ல. பாதிப் பேர் எழுபதைத் தாண்டினவங்க. இந்தம்மாவுக்கு எண்பத்து நாலு. எங்கே குடி போயிருப்பாங்கக்கா?"

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "பாக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

இதற்குள் ஒரு ஆராய்ச்சியாளர் முதியவர்கள் பெருமளவில் இடம்பெயர்கிறார்கள் என்று கட்டுரை எழுதி, அதற்கு நான்கு காரணங்களும் கண்டுபிடித்திருந்தார்.

இயக்குநருக்குச் சந்தேகமே இல்லை. "வீட்டுக்கே போகாம டீக்கடையில உக்காந்து ரொப்பியிருக்காங்க" என்றார். 'வேறிடம் சென்றவர்' கட்டத்தில் அதிகம் குறியிட்ட பதினொரு பேரை வேலையிலிருந்து நிறுத்துவதென்று முடிவானது. முறையான பயிற்சி அளிக்கப்பட்டது என்று அவள் ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். கையேட்டில் ஒன்பதாம் கேள்வி தெளிவாக அச்சாகியிருந்தது. அவள் வாயால் சொன்னது எந்தத் தாளிலும் இல்லை.

பதினொரு பேரில் ஒருத்தி எக்ஸ்பிரஸ். நடை அவ்வளவு மெதுவென்பதால் அந்தப் பெயர். புருஷன் படுக்கையில், அவள் சம்பளத்தில் வீடு நடந்தது. மறுநாள் மாடிப்படியில் வந்து நின்றாள்.

"விசாரிச்சாங்கக்கா. ஏன் கேக்கலன்னாங்க. மறந்துட்டேன்னேன்."

"ஏண்டி அப்படிச் சொன்ன?"

"பின்ன உங்களை மாட்டி விடவா? நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." திட்டுகிற குரலே இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

கடிதம் இரண்டு நாள் கைப்பையில் இருந்தது. "கையெழுத்தப் போட்டுட்டு வாயேன். ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம் இருக்கு. இப்ப போய் நல்லவ பட்டம் எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் தப்பொன்றும் இருப்பதாக அவளுக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்தில்லாத கடிதத்தோடு இயக்குநர் முன்னால் உட்கார்ந்தாள்.

"கேக்க வேணாம்னு நாந்தான் சார் சொல்லிக் குடுத்தேன். எத்தனையோ வருஷமா."

இயக்குநர் கடிதத்தில் கையெழுத்துக்கான இடத்தைப் பார்த்தார். "எதுக்கும்மா?"

அந்த ஏழு வயதுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். இத்தனை வருஷம் கழித்து அது சாக்காகத்தான் கேட்கும் என்று பட்டது. "இரக்கப்பட்டுட்டேன் சார்."

"உங்க இரக்கத்தால அறுநூறு பேர் செத்தது யாருக்கும் தெரியாமப் போச்சு. இதை எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். பதினொரு பேருக்கும் வேலை நிலைத்தது. மாடி அறை வேறொருவருக்குப் போனது. அறுநூற்றுப் பதினொரு பெயர்களையும் வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். எக்ஸ்பிரஸைத் தவிர வேறு யாரும் கூட வர முன்வரவில்லை.

முதல் வீடு ஒரு சந்தின் கடைசியில். ஒற்றை அறை, ஒற்றைக் கட்டில். எழுபது வயதுக்காரர் நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டுத் தான் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் அவருடைய மனைவியின் பெயரை வாசித்தாள்.

"அவங்க உயிரோட இருக்காங்களாங்க?"

"இல்லம்மா. போன தடவை இந்தப் பொண்ணு வந்தப்பவே அவ போயி நாலு மாசம்." எக்ஸ்பிரஸைக் காட்டினார். "பேரை வாசிச்சுது. இங்க இல்லம்மான்னேன். என்ன ஆச்சுன்னு கேக்கும், சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த பேருக்குப் போயிடுச்சு."

எக்ஸ்பிரஸ் தரையைப் பார்த்தாள். ட்ரெயினிங் அக்கா மேலே கேட்டாள். எந்த மாதம், என்ன நோய், வீட்டிலா ஆஸ்பத்திரியிலா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எத்தனை மணிவரை வண்டி வரவில்லை என்பது முதற்கொண்டு அவர் சொன்னார். படிவத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்தபோது அவர் கேட்டார். "அப்ப அவ பேரை அடிச்சிருவீங்களா?"

"அடிக்க மாட்டோங்க. அடுத்த தடவை வந்தா வாசிக்க மாட்டோம்."

அவர் தலையாட்டினார். அவர்கள் செருப்பை மாட்டும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு இன்னும் பதினாறு வீடுகள் இருந்தன.