சிஸ்டரம்மாவின் தட்டு

மடத்தில் முதல் சாவு விழுந்த அன்று மத்தியானம், செத்தவருக்கும் சேர்த்துச் சோறு வைக்கச் சொன்னார்கள் சிஸ்டரம்மா. பந்தல்குடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த கன்னியர் மடம் அது. சிஸ்டரம்மாவோடு சேர்த்து நாலு சிஸ்டர்கள், ஒரு மருந்துக்கூடம், ஒரு சமையல்கட்டு. சமையல்கட்டில் நான். வயதான மலையாளத்து சிஸ்டர் ஒருவரைக் காலையில்தான் பின்பக்கத்து நிலத்தில் அடக்கம் பண்ணிவிட்டு வந்திருந்தோம். சாப்பாட்டு மேசையில் அவர் உட்காரும் இடம் வெறுமனே கிடந்தது. "அவுக தட்டை எங்கத்தா காணோம்?" என்று சிஸ்டரம்மா கேட்டார்கள். கழுவி உள்ளே வைத்துவிட்டேன் என்றேன். "எடுத்துட்டு வா. எப்பவும் போல சோறு, கொழம்பு எல்லாம் வையி."

எனக்குத் தெரிந்தது படையல்தான். தட்டில் போடச் சொன்னவர்களிடம் மறுத்துப் பேசக் கூச்சம். ஆனாலும் கை கேட்கவில்லை. வாழை இலை நறுக்கி வந்து தெற்கே பார்த்துப் போட்டேன். சோறு வைத்து, இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டேன். ஒரு கை சோற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய் மதில்மேல் வைத்து, கா கா என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தால் சிஸ்டர்கள் மூன்று பேரும் வாசற்படியில் நிற்கிறார்கள். அன்று அழுது சிவந்த கண்ணோடு இருந்த சிஸ்டரம்மா, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "காக்காய்க்கு இல்லத்தா. வாசல்ல பசிச்சு நிக்காகல்ல, அவுகளுக்கு" என்றார்கள்.

அந்த வருடம் மழை இல்லை. பருத்தி முழங்கால் உயரத்திலேயே கருகிவிட்டது. மருந்துக்கு என்று வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் சோற்றுக்காகத்தான் வந்தார்கள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒருத்திக்கு அந்த இலையை அப்படியே எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து இலை இல்லை, தட்டுதான். ஒரு மாதம் செத்தவரின் இடத்தில் தட்டு வைத்தோம். ஜெபம் முடிந்ததும் அது வாசலுக்குப் போனது.

சிஸ்டரம்மாவுக்கு ஊர் ஜெர்மனி, அதிலும் வடக்குப் பக்கம். இளம் வயதில் இங்கே வந்தவர்கள். வைத்தியத்துக்கு வந்த சனங்களிடம் தமிழ் கற்றுக்கொண்டதால் புத்தகத் தமிழ் வராது. "இங்கிட்டு வா", "என்னத்தா நோவு" என்றுதான் பேசுவார்கள். திருச்சியிலிருந்து வந்த சிஸ்டர் அதைக் கேட்டுச் சிரிப்பார். சமையல்கட்டுச் சுவரில் சிஸ்டரம்மாவின் ஊர்ப் படம் ஒன்று தொங்கியது. செங்கல்லால் கட்டிய நீளமான பழைய கட்டடம், கூர்மையான ஓட்டுக் கூரை. அது பல நூறு வருடத்துக்கு முந்தைய கன்னியர் மடம். அந்தப் பக்கத்தில் அப்படிப் பல மடங்கள் உண்டாம். "எங்கூரும் ஒங்கூரு மாதிரிதாத்தா. மணலு, வறண்ட செடி. கல்லு கெடைக்காது. அதான் செங்கல்லு சுட்டுக் கெட்டிருக்காக" என்பார்கள். வசதியான வீட்டுப் பெண் பிள்ளைகளை ஏழு எட்டு வயதிலேயே கொண்டுவந்து விடுவார்களாம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு வெளி உலகம் கிடையாது. பனி கொட்டும் காலத்தில் அறையில் நெருப்பு இல்லாமல், விறைத்த விரலால் கம்பளி நூலில் சுவர் அளவுக்குப் படம் தைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் தளத்துப் பலகையைப் பெயர்த்துப் பார்த்தபோது, இடுக்கில் விழுந்து போன மரச்சட்ட மூக்குக் கண்ணாடி, ஊசி, சின்னச் சின்ன சாமி படம் எல்லாம் கிடைத்ததாம். தொலைத்தவள் எவ்வளவு நேரம் தேடினாளோ என்று நான் நினைத்துக்கொள்வேன். கேட்டதில்லை.

அவர்கள் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அந்த ஊர் ராசா கத்தோலிக்கத்தை விட்டு வேறு சபைக்கு மாறிவிட்டு, மடத்துப் பெண்களையும் மாற்றச் சொல்லிப் போதகர் ஒருவரை அனுப்பினாராம். அந்தப் பெண்கள் காதில் மெழுகை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம். அதற்கும் அவர் நிறுத்தாததால் பழைய செருப்பைக் கொளுத்திப் புகை போட்டு விரட்டினார்களாம். சிஸ்டரம்மா அதை இருமி இருமி நடித்துக் காட்டினார்கள். நான் அப்போது குழம்புக்கு வறுத்துக்கொண்டிருந்தேன். "ரெண்டு மொளகா வத்தலைக் கருக விட்டாப் போதுமே, சிஸ்டரம்மா" என்றேன். அப்படியே முக்காலியில் உட்கார்ந்து சிரித்தார்கள். நான் பேசி ஒருவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

செத்தவருக்குத் தட்டு வைப்பதும் அந்தப் பழைய மடங்களின் வழக்கம்தான். ஒருத்தி இறந்தால் அவள் பங்கை உடனே நிறுத்தக் கூடாது, ஒரு மாதம் அவள் இடத்தில் வைத்து ஏழைக்குக் கொடுக்க வேண்டும், அதன் புண்ணியம் அவளுக்குப் போகும் என்றார்கள். "எங்க சபையில இது கெடையாது, நான்தாத்தா கொண்டாந்தேன்" என்றும் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் கிணறு வெட்டப் போன இடத்தில் வெடியில் போய்ச் சேர்ந்தபோது, காரியம் முடிவதற்கு முன்னாலேயே அவர் படுக்கும் இடத்தில் கொழுந்தனார் உர மூட்டையை அடுக்கிவிட்டார். அந்த மூட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் எதற்கும் பெரிதாக வரவில்லை. மடத்து வேலைக்கு வந்தது அதற்கடுத்த மாதம்.

சிஸ்டரம்மாவுக்கு முழங்கால் போய், மருந்துப் பெயரும் மறக்க ஆரம்பித்தபோது, ஜெர்மனியிலிருந்த தலைமை மடத்தில் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். சிஸ்டரம்மாவுக்கு இங்கேயே இருந்து சாக ஆசை. மலையாளத்து சிஸ்டருக்குப் பக்கத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டிச் சுத்தம் பண்ணி, இடம் பார்த்து வைத்திருந்தார்கள். அதை எழுதிக் கேட்டார்கள். முடியாது என்று பதில் வந்தது. நான்கு நாள் போயிற்று. பிறகு பெட்டியை எடுத்துத் துடைத்தார்கள்.

"போகாட்டி என்ன பண்ணுவாக, சிஸ்டரம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டாக. சொன்னதக் கேக்கேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்லத்தா" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க குளிருல மண்ணு கல்லா ஒறைஞ்சு கெடக்கும். குழி வெட்டுறவன் என்னையத்தான் வைவான்" என்றார்கள். நான் அவர்கள் சேலையைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். "நான் செத்தா அங்க தட்டு வைக்க மாட்டாக. பெரிய ஆஸ்பத்திரி மாதிரி எடம் அது. நீ வைப்பியாத்தா? பசிச்சவுகளுக்குக் குடுக்கணும். கொட்டிரக் கூடாது" என்றார்கள். தலையை ஆட்டினேன். வாய் திறந்து சரி என்று சொல்லியிருக்கலாம். கார் வந்துவிட்டது.

மருந்துக்கூடம் மூடி வெகுகாலமாகிவிட்டது. இப்போது மடத்தில் இரண்டு சின்ன சிஸ்டர்கள் இருக்கிறார்கள். காலையில் பஸ்ஸில் அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல் வருவார்கள். என்னைப் பின்கட்டு அறையில் இருக்க விட்டிருக்கிறார்கள். போன கோடையில் அவர்களில் ஒருவர் செல்போனைப் பார்த்துவிட்டு, "பாட்டி, ஜெர்மன் சிஸ்டர் இறந்துட்டாங்களாம். அடக்கம்கூட முடிஞ்சிருச்சாம்" என்றார். பூசைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார். தட்டு வைக்கப் போகிறேன் என்றேன். "அப்படி ஒரு பழக்கம் நம்ம சபையில இல்லையே" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

மறுநாள் சிஸ்டரம்மா உட்காரும் இடத்தில் தட்டு வைத்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வாசலுக்கு எடுத்துப் போனேன். வாசலில் யாரும் இல்லை. இந்தக் காலத்தில் சோற்றுக்கு யார் வந்து நிற்கிறார்கள்? ஷேர் ஆட்டோக்காரத் தம்பியை நிறுத்திக் கேட்டேன். "என்ன விசேசம் அப்பத்தா?" என்றான். சொன்னேன். "செத்தவுக சோறா? ஆள விடு. வீட்டுல பிரியாணி கெடக்கு" என்று கிளப்பிக்கொண்டு போனான். நூறு நாள் வேலை முடிந்து வந்த பெண்களிடம் நீட்டினேன். அவர்களில் மூத்தவள், "எங்களப் பாத்தா சோத்துக்கு இல்லாதவுக மாதிரியா இருக்கு? ரேசன் அரிசி எங்க வீட்டுக் கோழி திங்குது" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஒரு காலத்தில் இதே வாசலில் நின்றவர்களின் மக்கள்தான் அவர்கள். பசி தீர்ந்தது நல்லதுதானே.

ரோட்டு வேலைக்கு வந்திருந்த வடநாட்டுக்காரர் ஒருவர்தான் கடைசியில் கிடைத்தார். கை ஜாடையில் கூப்பிட்டேன். உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கொடுத்தார். தினமும் வந்தார். எனக்கு அவர் பேச்சுத் தெரியாது, அவருக்கு என் பேச்சுத் தெரியாது. மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது தார் மிஷினோடு அவர்கள் கூட்டம் திருச்சுழிப் பக்கம் போய்விட்டது.

கடைசி நாளும் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். ரோட்டில் லாரிகள் போயின. ஆடு மேய்ப்பவரிடம் தூக்குச்சட்டி இருந்தது. சோறு ஆறி, குழம்பு ஓரத்தில் காய ஆரம்பித்தது. நாய்க்கு வைக்க மனம் இல்லை. கொட்டவும் கூடாது. இதை வாங்கிக்கொள்ளும் நிலையில் இந்த வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டைத் திறந்து வெளியே போய், திரும்ப அடைத்துவிட்டு, மதிலோரத்துத் தரையில் உட்கார்ந்தேன். தட்டை மடியில் வைத்துப் பிசைந்தேன். வருத்தம், சந்தோசம் எதுவும் இல்லை. பசிதான் இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த சின்ன சிஸ்டர் குடையோடு பக்கத்தில் வந்து நின்றார். "என்ன பாட்டி, வெயில்ல வெளிய உக்காந்திருக்கீங்க?" என்றார்.

"சோறு குடுத்தாக" என்றேன். "சாப்பிடுறேன்."