மன்சூர் அலி அழிக்காத கேசட்

தாராவியில் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்கிற மன்சூர் அலி, தெருவில் இரண்டு பேர் சத்தமாகப் பேசினாலே வேறு சந்து வழியாகப் போகிற ஆள். அப்பேர்ப்பட்டவன் 1986 மே மாதம் ஒரு கொலைக்குப் பாட்டுப் போட்டான்.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு கல்யாணம். மைக் செட் அவனுடையது. குழாயடித் தகராறில் கறுவிக்கொண்டிருந்த நயினார் பந்தலுக்குள் புகுந்து, இசக்கியை வயிற்றில் கத்தியால் மூன்று குத்துக் குத்தினான். இசக்கி அலறினான். சத்தத்தைக் கூட்டு என்று நயினார் கையால் சாடை காட்டினான். மன்சூர் கூட்டினான். கல்யாணத்துக்கு வந்த வீடியோ கேமரா அத்தனையையும் பிடித்துவிட்டது. இசக்கியின் மனைவி முப்பிடாதியம்மாளிடம், அந்நேரம் சாப்பிடப் போயிருந்தேன் என்று மன்சூர் கூசாமல் பொய் சொன்னான். பார்த்த மற்றவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மிஞ்சிய சாட்சி அந்தக் கேசட் ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் நயினார் அதை வீடியோக்காரனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"ஏ பாய், சாயங்காலம் வீடியோக்காரன் இதைப் போலீஸ்ல குடுக்கணும். காணாமப் போச்சுன்னா என் மேல பாய்வானுவ. காந்தத்த வச்சு அழிச்சிரு, ஜல்தி. வெறும் கேசட்டாப் போவட்டும். இதுல நீயும்தான நிக்க?"

அது உண்மைதான். மன்சூர் சத்தத்தைக் கூட்டியதும் அதில் பதிந்திருந்தது. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வளையக் காந்தம் மேசையில் கிடந்தது. அதை வைத்து நன்றாகத் தேய்த்தால் படம் உருத்தெரியாமல் போகும். நயினாரும் தப்புவான், தன் மானமும் தப்பும். மன்சூரின் கை அதை நோக்கிப் போகத்தான் செய்தது. கொலைகாரனோடு ஒரே தட்டில் சோறு தின்பதுபோல் அருவருப்பு வந்து கையை இழுத்துக்கொண்டான். நயினாரின் மணிக்கட்டில் துபாயிலிருந்து வந்த எலக்ட்ரானிக் வாட்ச் மின்னியது.

"அண்ணாச்சி, கிட்ட வராதீங்க. காந்தம் பட்டா வாட்ச் போயிரும்."

பச்சைப் பொய். முள் இல்லாமல் எண் காட்டுகிற அந்த வாட்சை இந்தக் காந்தம் ஒன்றும் செய்யாது. ஆனால் மூன்று குத்துக் குத்திய வீரன் வாட்சைப் பொத்திக்கொண்டு வாசலுக்குத் தாவினான். மன்சூர் வளையத்தை விட்டுவிட்டு, முழு ஸ்பீக்கர் ஒன்றைக் கவிழ்த்து அதன் முதுகில் கேசட்டைத் தேய்த்தான். அங்கே காந்தத்தை மூடி இரும்புத் தட்டு உண்டு. பலத்தையெல்லாம் அது உள்ளே திருப்பிவிடும், வெளியே கசிவது சொற்பம். வாசலில் நிற்கிற முட்டாளுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

"அழிஞ்சிட்டா?"

"சுத்தமா."

காந்தங்களை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு நயினார் வந்தான். மன்சூரின் வலது கையை மேசையில் அழுத்தி, அவனுடைய சுத்தியலாலேயே அடித்தான். "வெளிய மூச்சு விட்டேன்னா அடுத்தது மண்டை." மூன்று விரல்கள் நொறுங்கின.

கேசட் வீடியோக்காரன் வழியாகப் போலீஸுக்குப் போனது. கட்டுப் போட்ட கையோடு மன்சூரும் ஸ்டேஷனுக்குப் போய், போட்டுப் பாருங்கள் என்று பிடிவாதம் பிடித்தான். முப்பிடாதியம்மாளும் அங்கே இருந்தாள். படத்தின் ஓரங்கள் கோடு கோடாக நடுங்கின. நயினாரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவனைப் பிடித்துவர ஜீப் கிளம்பியது.

முப்பிடாதியம்மாள் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. அதில் மன்சூர் ஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"சாப்பிடப் போயிருந்தேன்னு சொன்னீரே, பாய்."

"பொய் சொன்னேன் தாயி."

"அவுக வாயப் பாரும். முப்பிடாதின்னுதான் கூப்பிடுதாக." அவள் குரல் உயரவேயில்லை. "நான் பந்தலுக்குப் பின்னால பத்தடியிலதான் இருந்தேன். உம்ம பாட்டுலதான் எனக்குக் கேக்கல."